நீண்ட ஆயுள்னு வாக்குத்தத்தம் வந்துச்சு... அப்புறம்? நிச்சயமில்லாத நாள்களும் கிறிஸ்தவ நம்பிக்கையும்!

டிசம்பர் 31 ராத்திரி ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ சர்ச்சுக்குப் போயிருக்கீங்களா? பன்னிரண்டு மணி தாண்டி, புத்தாண்டு ஆராதனை முடிஞ்சு, எல்லாரும் கைகுலுக்கிட்டிருக்கும்போது ஒரு தட்டு வரும். அதுல விசிட்டிங் கார்டு சைஸ்ல சின்னச் சின்ன அட்டைகள், கவுத்து வெச்சிருப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அதுல இருக்கிற பைபிள் வசனம்தான் அந்த வருஷத்துக்கான உங்க 'வாக்குத்தத்தம்'. எடுத்த கையோட போட்டோ பிடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க பாதிப் பேர்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒண்ணுல என் நண்பன் ஒருத்தன் அப்படி எடுத்த அட்டையில, நீண்ட ஆயுளைப் பத்தின வசனம் வந்தது. பர்ஸுல வெச்சுக்கிட்டான். அந்த வருஷம் மழைக்காலத்துல, திண்டுக்கல்ல வேலை முடிஞ்சு பைக்ல வீட்டுக்குத் திரும்பும்போது பழனி ரோட்டுல விபத்து. வயசு 24. பர்ஸை வாங்கிப் பிரிச்ச அவன் அம்மா, அந்த அட்டையை எடுத்துப் போதகர் கையில கொடுத்து, ''அப்ப இது என்னங்கய்யா?''ன்னு கேட்டாங்க. அடக்க ஆராதனைக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி கேட்டுச்சு.

போதகர் என்ன சொன்னார்ங்கிறதுக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் இருக்கான்னு தேடினதுதான் இந்தக் கட்டுரை. நீங்க எந்த மதமா இருந்தாலும், எந்த மதமும் இல்லைன்னாலும், இது உங்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

சத்திரம்னா தங்குற இடம்

திண்டுக்கல்லைத் தாண்டிப் பழனி ரோட்டுல மேற்கே போனா முதல்ல ரெட்டியார்சத்திரம், இன்னும் தள்ளிப் போனா ஒட்டன்சத்திரம். வழிப்போக்கர்களும் பழனிக்கு நடந்து போறவங்களும் ராத்தங்கிட்டுப் போன சத்திரங்களே ஊர்ப் பேராகிப்போன பாதை இது. இன்னைக்கும் தை மாசம் அந்தப் பக்கம் பஸ்ல போனா, பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரமா நடந்துக்கிட்டே இருக்கும். எதிரே கோபிநாதசுவாமி மலை தெரியும்.

பூமியில நம்ம இருப்பைச் சத்திரத்துல தங்குறதோட ஒப்பிடுறது தமிழ்ல எல்லாச் சமயத்துக்கும் பொதுவான பேச்சு. பைபிள்ளயும் அதே எண்ணம் இருக்கு. இங்கே நாம பரதேசிகள், நிலையான ஊர் இங்கே இல்லைங்கிற மாதிரி பல இடத்துல வரும். ஆனா, சத்திரத்துக்கும் ஆயுளுக்கும் ஒரு வித்தியாசம். சத்திரத்துல எப்ப கிளம்பணும்னு நாமதான் முடிவு பண்றோம்.

'சித்தமானால்' எதுக்கு?

கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகையோ கன்வென்ஷன் நோட்டீஸோ பார்த்தா, 'கர்த்தருக்குச் சித்தமானால்'ங்கிற வார்த்தையைப் பார்த்திருப்பீங்க. கத்தோலிக்க வீடுகள்ல 'கடவுளுக்குச் சித்தமானா'ன்னு பேச்சுல வரும். நிறைய பேர் இதை ஒரு சம்பிரதாயமா நினைக்கிறாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

புதிய ஏற்பாட்டுல யாக்கோபு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. அதுல அவர் வியாபாரிகளைப் பார்த்துப் பேசுற ஒரு இடம். இன்னைக்கோ நாளைக்கோ ஒரு ஊருக்குப் போவோம், ஒரு வருஷம் இருப்போம், லாபம் பார்ப்போம்னு பிளான் போடுறவங்க அவங்க. நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியாத நீங்க இப்படிப் பேசலாமான்னு கேட்டுட்டு, மனுஷ ஆயுளைக் கொஞ்ச நேரம் தெரிஞ்சு மறையுற புகையோட ஒப்பிடுறார். மார்கழி காலையில திண்டுக்கல் பைபாஸ்ல இருந்து சிறுமலையைப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். ஏழு மணிக்கு மலையே தெரியாது. ஒன்பது மணிக்கு அந்த மூட்டம் எங்க போச்சுன்னே தெரியாது.

கவனிக்க வேண்டியது, பிளான் போடாதீங்கன்னு அவர் சொல்லவே இல்லை. ஆண்டவருக்குச் சித்தமானால் இதைச் செய்வோம், அதைச் செய்வோம்னு சொல்லச் சொல்றார். செய்வோம்ங்கிறது அப்படியே இருக்கு, தலைக்கனம் மட்டும்தான் போகுது.

இயேசு சொன்ன பணக்கார விவசாயி கதையும் இப்படித்தான் தப்பாப் புரிஞ்சுக்கப்படுது. நல்ல விளைச்சல், களஞ்சியத்துல இடம் பத்தலை, இடிச்சிட்டுப் பெருசாக் கட்டி, இனி பல வருஷம் சாப்பிட்டுச் சந்தோஷமா இருக்கலாம்னு ஒருத்தர் முடிவு பண்றார். அன்னைக்கு ராத்திரியே அவர் உயிர் போகப்போகுது. சேமிக்கிறது தப்புன்னா, குளிர்பதனக் கிடங்கு வெச்சிருக்கிற ஒவ்வொரு விவசாயியும் பாவிதான்! கதையை நிதானமாப் படிச்சா ஒண்ணு கண்ணுல படும். அந்த மனுஷன் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் தன்கிட்ட மட்டும்தான் பேசுறார். பொண்டாட்டி, புள்ள, வேலையாள், பக்கத்து நிலத்துக்காரன், யாருமே அந்தக் கதையில இல்லை.

மலையேறின மிஷனரிகள்

'விசுவாசம் இருந்தா எதுக்கு ஆஸ்பத்திரி?'ன்னு கேட்கிற சிலரை நீங்களும் சந்திச்சிருப்பீங்க. அவங்களுக்கு நம்ம மாவட்ட வரலாறே பதில் சொல்லும்.

1834-ல அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தாங்க. கொஞ்ச நாள்லயே திண்டுக்கல்லுக்கும் வந்துட்டாங்க. வந்த பத்து வருஷத்துக்குள்ள அவங்கள்ல பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானாங்க, குழந்தைகள் உட்பட. 1830-களின் கடைசியில திரும்ப வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கதையும் அதேதான், சில வருஷத்துல பல கல்லறைகள். காலரா தண்ணியால பரவுதுன்னு லண்டன்ல ஜான் ஸ்நோ காட்டினது 1854-ல. மலேரியா கொசுவால வருதுன்னு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்துல கண்டுபிடிச்சது 1897-ல. அதுக்கு முன்னாடி, எதனால சாகிறோம்னே தெரியாம செத்தவங்க இவங்க.

அமெரிக்க மிஷனரிகள் சும்மா உட்காரலை. முதல்ல சிறுமலையில ஓய்விடம் அமைச்சுப் பார்த்தாங்க. அங்கேயும் காய்ச்சல் விடலை. இன்னும் உயரமான இடத்தைத் தேடி, 1845-ல பழனி மலை மேல ரெண்டு வீடு கட்டினாங்க. பேரு சன்னிசைடு, ஷெல்டன். இன்னைக்கு நீங்க லாங் வீக்எண்டுக்குப் போய் ரீல்ஸ் எடுக்கிற கொடைக்கானல் ஊராக ஆரம்பிச்சது அப்படித்தான். உயிர் பயத்துல ஏறின மலை அது. அந்த வருஷங்கள்ல அவங்க ஜெபம் பண்ணாம இருந்திருப்பாங்களா? ஜெபமும் பண்ணாங்க, நல்ல காத்தும் தேடினாங்க.

அதே பழனி ரோட்டுல இன்னொரு உதாரணம், ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை. 1955-ல டாக்டர் ஏ.கே. தரியனும் அவரோட சேர்ந்த மருத்துவர்களும் ஆரம்பிச்சது. வசதி குறைஞ்ச ஒரு கிராமத்துப் பகுதியைத் தேடி வந்து, சுத்துப்பட்டு ஜனங்களோட ஆயுளை நீட்ட உட்கார்ந்தாங்க. நாள்கள் ஆண்டவர் கையில இருக்குன்னு நம்பினவங்கதான் அந்த ஆபரேஷன் தியேட்டரையும் கட்டினாங்க.

ஒரு போதகரும் ஒரு கணக்கும்

நம்ம ஊர்ல 'இந்த வயசுல ஒரு கண்டம் இருக்கு'ன்னு சொல்வாங்கல்ல? ஐரோப்பாவுலயும் அப்படி ஒரு பயம் இருந்தது. ஏழாலயும் ஒன்பதாலயும் பெருக்கி வர்ற வயசு ஆபத்து, முக்கியமா 63 பெரிய கண்டம். இப்போ போலந்துல இருக்கிற பிரெஸ்லாவ் நகரத்துல காஸ்பர் நாய்மன்னு ஒரு போதகர், இது உண்மையான்னு பார்க்க முடிவு பண்ணார். ஊரோட பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எடுத்து வயசு வாரியா எண்ணினார். கண்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்த எண்களை வெச்சுத்தான் 1693-ல எட்மண்ட் ஹாலி (ஆமா, அந்த வால்நட்சத்திரக்காரரேதான்) ஆயுள் அட்டவணை போட்டார். எந்த வயசுல எத்தனை பேர் மிச்சம் இருப்பாங்கங்கிற கணக்கு.

1744-ல ஸ்காட்லாந்துல ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர்னு ரெண்டு போதகர்கள் அந்த வழியிலேயே போய், இறந்த போதகர்களோட மனைவி, பிள்ளைகளுக்காக ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. எந்தப் போதகர் எப்ப சாவார்னு யாருக்கும் தெரியாது. ஆனா, சுமார் 930 போதகர்கள் இருந்தா வருஷத்துக்குச் சுமார் 27 பேர் இறப்பாங்கன்னு சொல்ல முடியும். அதுக்கேத்த மாதிரி சந்தா. இன்னைக்கு நீங்க போன்ல ரெண்டு நிமிஷத்துல எடுக்கிற டேர்ம் இன்ஷூரன்ஸோட முன்னோடிகள்ல இது முக்கியமானது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சுதந்திரம் வாங்கினப்போ இந்தியர்களோட சராசரி ஆயுள் சுமார் 32 வயசு, இப்போ 70-ஐ ஒட்டி இருக்கு. அப்போ எல்லாரும் 32-ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்லை. பிறந்த கொஞ்ச நாள்ல இறந்த குழந்தைகள் அவ்வளவு பேர், அதான் சராசரி அப்படி இறங்கியிருக்கு. சராசரி ஒரு கூட்டத்தைப் பத்தித்தான் பேசும், உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. மோசே பேர்ல இருக்கிற 90-ஆம் சங்கீதமும் 70 வருஷம், தெம்பு இருந்தா 80-னு ஒரு கணக்கு சொல்லுது. சொல்லிட்டு, அதோட நிறுத்தாம, நாள்களை எண்ணக் கத்துக்கொடுன்னு கடவுள்கிட்ட வேண்டுது.

நெத்தியில சாம்பல், கையில மெழுகுவத்தி

கத்தோலிக்க நண்பர்கள் இதை வருஷத்துக்கு ரெண்டு தடவை உடம்பால செய்றாங்க. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு, போன வருஷக் குருத்தோலைகளை எரிச்ச சாம்பலை நெத்தியில பூசி, நீ மண்ணுன்னு நினைவுபடுத்துவாங்க. போன வருஷம் ஓசன்னா பாடி ஆட்டின அதே ஓலை! காலேஜ் போற பொண்ணு அந்தச் சாம்பலோடவே பஸ் ஏறும். பக்கத்து சீட் அக்கா, ''என்னம்மா, திருநீறா?''ன்னு கேட்கிறதும் நடக்கும்.

இன்னொண்ணு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். திண்டுக்கல்ல அன்னைக்குச் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்க. முந்தின நாளே வெள்ளையடிச்சு, பேர் எழுத்துக்குக் கறுப்பு பெயின்ட் கொடுத்து, மல்லி, செவ்வந்தி, கோழிக்கொண்டைன்னு பூவால மூடியிருப்பாங்க. பூவுக்கா பஞ்சம், பூ மார்க்கெட் இருக்கிற ஊராச்சே. இருட்டினதும் அத்தனை கல்லறையிலயும் மெழுகுவத்தி. பயமா இருக்கும்னுதான் முதல் தடவை போனேன். அங்கே பிள்ளைங்க கல்லறைக்கு நடுவுல ஓடிப்பிடிச்சு விளையாடிட்டிருந்தாங்க. ஒரு பாட்டி கல்லறை மேல உட்கார்ந்து, உள்ளே இருக்கிற தாத்தாகிட்ட பேத்திக்கு மார்க் குறைஞ்ச கதையைச் சொல்லிட்டிருந்தாங்க. சில ஊர்ல சி.எஸ்.ஐ குடும்பங்களும் இந்த நாள்ல பூ வைக்கப் போறாங்க.

கல்லறைத் தோட்டத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'செமட்ரி'ங்கிற வார்த்தையோட கிரேக்க மூலத்துக்கு, தூங்குற இடம்னு அர்த்தம். நம்ம ஊர் போஸ்டர்கள்ல 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'னு போடுறதும் அந்த எண்ணம்தான். தூங்கினா எழுந்திருக்கணும்ல? உயிர்த்தெழுதலை நம்புறவங்க தேர்ந்தெடுத்த வார்த்தை அது.

திண்டுக்கல் மறைமாவட்டத்தோட பேராலயம் புனித வளனார், அதாவது சூசையப்பர் பேர்ல இருக்கு. அவர் நல்மரணத்தோட பாதுகாவலர். இயேசுவும் மரியாளும் பக்கத்துல இருக்க இறந்தார்ங்கிறது மரபு. நல்ல சாவுன்னா வலியில்லாத சாவுன்னு நாம நினைக்கிறோம். பழைய கிறிஸ்தவங்க, பக்கத்துல ஆள் இருக்கிற சாவைத்தான் அப்படிச் சொன்னாங்க.

வார்த்தை எப்படிப் பயமுறுத்தும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கை முன்னாடி 'அவஸ்தைப் பூசுதல்'னு சொல்வாங்க. சாமியார் வீட்டுக்குள்ள வந்தாலே, 'முடிஞ்சுபோச்சு'ன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் 1972-ல அந்தச் சடங்கைத் திருத்தினாங்க. இப்போ பேரு 'நோயில் பூசுதல்'. ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கிக்கலாம், வயசானவங்க வாங்கிக்கலாம். சாவுக்கு மட்டும்னு இருந்தது, சுகத்துக்கும்னு ஆச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நடக்குது, சொல்லாம விட முடியலை. மைக்ல, ''இன்னைக்கு ராத்திரி லாரி மோதிச் செத்தா எங்கே போவே?''ன்னு கத்துறது. ஆயுள் நிச்சயமில்லைங்கிற உண்மையைக் கழுத்துல வெச்ச கத்தி மாதிரி பயன்படுத்துறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் ராத்திரி தூங்காம கிடந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்தன்.

ஏன் அவன்?

சாவு வீட்டுல கேட்ட வாக்கியங்கள் இன்னும் காதுல இருக்கு. 'நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்.' 'ஏதோ ஒரு திட்டம் இருக்கும்.' ஒருத்தர், 'ஓய்வுநாள்ல வேலைக்குப் போனான்ல'ன்னு இழுத்தார். சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அமைதியா இருக்கத் தெரியலை, அவ்வளவுதான்.

பைபிள்ள யோபு கதையில மூணு நண்பர்கள் வர்றாங்க. பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன் பக்கத்துல ஏழு ராத்திரி, ஏழு பகல் தரையில சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் எல்லாம் சரி. வாயைத் திறந்து, நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பேன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்பதான் கெட்டுப்போச்சு. கடைசியில கடவுள் கோபப்பட்டது அந்த விளக்கங்கள் மேலதான்.

சீலோவாம்ல ஒரு கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்ததைப் பத்திப் பேசினப்போ, அவங்க மத்தவங்களைவிடப் பெரிய பாவிகளான்னு இயேசுவே கேட்டு, அவரே இல்லைன்னார். ஏன் அந்த 18 பேர்ங்கிறதுக்கு அவர் காரணம் சொல்லலை, உயிரோட இருக்கிறவங்களைத் திருந்தச் சொன்னார். லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதார். எசேக்கியா ராஜா அழுது கேட்டப்போ 15 வருஷம் கூடக் கிடைச்சது. அதே மாதிரி அழுத எத்தனையோ பேருக்குக் கிடைக்கலை. கிறிஸ்தவ நம்பிக்கைக்குள்ள இந்த ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் கிடக்கு. வாக்குத்தத்த அட்டையை ஜோசியச் சீட்டு மாதிரி படிச்சா, என் நண்பன் கதையில அது பொய். முழு சங்கீதத்துல இருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி அட்டையில அச்சடிச்சா இந்த ஆபத்து எப்பவும் உண்டு.

அந்தப் போதகர் அன்னைக்கு என்ன சொன்னார்னு சொல்றேன்னேன்ல? அட்டையை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ''தெரியலைம்மா''ன்னார். பந்தல்ல பிளாஸ்டிக் சேர் இருந்தும், அந்த அம்மா பக்கத்துல தரையில உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலை.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நண்பனோட போன் இன்னும் லாக்காவே கிடக்கு. பேங்க் கணக்குல நாமினி பேர் இல்லை. அவன் அப்பா திண்டுக்கல்லுக்கு நடையா நடந்தார். அதனால, இருபதுகள்ல இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும்.

நாமினியைச் சேருங்க. 2025 நவம்பர்ல இருந்து ஒரு டெபாசிட் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் போடலாம். ஆனா, பேங்க் நாமினி பணத்தை வாங்கிக்கிறவர்தான், அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிடாது. வாரிசு யார்னு சட்டமோ உயிலோதான் முடிவு பண்ணும். உயில்னா தாத்தாக்கள் சமாசாரம்னு நினைக்காதீங்க. 18 வயசு முடிஞ்சா யாரும் எழுதலாம். வெள்ளைப் பேப்பர் போதும், ரெண்டு சாட்சி வேணும், பதிவு கட்டாயமில்லை. கிறிஸ்தவங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதுல ரெண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. சாட்சிக் கையெழுத்து போடுறவருக்கோ அவரோட கணவன் மனைவிக்கோ ஏதாவது எழுதி வெச்சா, அந்தப் பகுதி செல்லாது. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில், கல்யாணம் ஆனதும் ரத்தாகிடும். திரும்ப எழுதணும்.

கூகுள்ல 'செயலற்ற கணக்கு' அமைப்புன்னு ஒண்ணு இருக்கு. இத்தனை மாசம் நீங்க கணக்கைத் தொடலைன்னா உங்க போட்டோ, மெயில் யார் கைக்குப் போகணும்னு இப்பவே சொல்லி வைக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. அந்த அம்மாகிட்ட மகனோட கடைசி ரெண்டு வருஷப் போட்டோ ஒண்ணுகூட இல்லை, எல்லாம் அந்தப் போனுக்குள்ள. அப்புறம், ஹெல்மெட். அவன் அன்னைக்குப் போட்டிருக்கலை, பெட்ரோல் டேங்க் மேல வெச்சிருந்தான்.

போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அட்டை பெரிய பைபிளுக்குள்ள இருந்தது. அந்தச் சங்கீதம் இருக்கிற பக்கத்துல இல்லை, யோபு இருக்கிற பக்கத்துல. அம்மாதான் வெச்சிருக்காங்க. அப்பா தோட்டத்துல பார் அணைச்சுக்கிட்டிருந்தார். ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்துல தக்காளி நாத்துக்குச் சொல்லி வெச்சிருக்காராம், தையில நடவு.

''எப்ப பறிப்புக்கு வரும்ப்பா?''ன்னு கேட்டேன்.

மண்வெட்டியை ஊனிக்கிட்டு நிமிர்ந்தார். ''கர்த்தருக்குச் சித்தமானா பங்குனியில முதப் பறிப்பு. நீயும் வா, ஒரு கூடை எடுத்துட்டுப் போ.''